லாட்ஜில் ரூம் போட்டு நம்பர் பார்ப்பவரிடம் போகும் முன் இதைப் படித்துவிடுங்கள்

தருமபுரி, பாலக்கோடு, காரிமங்கலம் பக்கம் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். செய்தித்தாளுக்குள் மடித்து வைத்த, எண் ஜோதிடக்காரரின் மஞ்சள் நோட்டீஸ் உங்கள் வீட்டுக்கும் வந்திருக்கலாம். "பெயரை மாற்றினால் வாழ்க்கை மாறும். மூன்று நாட்கள் மட்டும். முன்பதிவு அவசியம்." அந்த நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு போன என் அண்ணன் 34,001 ரூபாயை இழந்துவிட்டு வந்தார். அதில் பாதி நான் கொடுத்த பணம். ஆனால் பணத்தைவிடப் பெரிய வில்லங்கம் ஒன்று இதில் இருக்கிறது. அவர்கள் கையில் கொடுத்தனுப்பும் காகிதம்தான் அது.

அண்ணன் லோடு வண்டி ஓட்டுகிறார். பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி ஏற்றினால் சேலம் வரை போவார். தக்காளி விலை விழுந்த நேரத்தில் வாடகைப் பணம் நாலைந்து இடத்தில் நின்றுவிட்டது. அது போதாதென்று தொப்பூர் கணவாயில் இறங்கும்போது பின்னால் வந்த லாரி இடித்து, வண்டியின் பின்பக்கம் நசுங்கியது. நல்ல வேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை. தொப்பூர் இறக்கத்தைப் பற்றி இந்த ஊர்க்காரர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டுவிட்டு, அப்புறம் பிரேக் பிடிக்காமல் முன்னால் போவதையெல்லாம் வாரிக்கொண்டு போகிற லாரிகள் அங்கே என்றைக்கும் உண்டு. ஆனால் அண்ணி காதில் யாரோ "வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருது, சனி எண், அதான்" என்று போட்டுவிட்டார்கள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு லாட்ஜ். வெளியே வராந்தாவில் நாற்காலிகள், டோக்கன், ஒரு படிவம். படிவத்தில் பெயர், பிறந்த தேதி, செல்போன் எண், வண்டி எண், "வந்த காரணம்". அண்ணன் அதில் "வண்டி விபத்து, கடன்" என்று அவர் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார். உள்ளே போனதும் அந்த ஆள் கண்ணை மூடி, "வாகனத்தால் கண்டம் வந்துச்சே, தப்பிச்சிட்டீங்க" என்றாராம். வீட்டுக்கு வந்த அண்ணன் என்னிடம், "டேய், பார்த்த உடனே தொப்பூர் விஷயத்தைச் சொல்லிட்டார்டா!" என்று வியந்தார். படிவம் எதற்கு என்று கேட்டேன். பதில் இல்லை.

வராந்தாவில் பக்கத்து நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்து, "எனக்குப் போன வருஷம் பேரை மாத்தினார், இப்போ ஓசூர்ல ரெண்டு கடை" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். பிறகு ஜிபேயில் பணம் அனுப்பியபோது திரையில் வந்த போட்டோ அந்த ஓசூர்க்காரருடையது.

பணம் போன வரிசை இப்படி. பார்வைக் கட்டணம் 501. எண் எந்திரம் பொறித்த செப்புத் தகடு 3,500. பெயரை "சட்டப்படி" மாற்றி அரசிதழில் (கெசட்டில்) போட்டுத் தர 9,000. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஆள் வைத்து வண்டி எண்ணையே மாற்றித் தர 21,000. மொத்தம் 34,001. இலக்கங்களைக் கூட்டிப் பாருங்கள், எட்டுதான் வருகிறது. அவர் கணக்கை அவரே பார்க்கவில்லை போலிருக்கிறது.

இதில் கடைசி இரண்டும் சுத்த மோசடி. முதலில் வண்டி எண். பிடித்த எண் வேண்டுமென்றால் புது வண்டியைப் பதிவு செய்வதற்கு முன்பே விண்ணப்பித்து, அரசாங்கத்துக்குக் கட்டணம் கட்டி வாங்கலாம். அதற்கு ரசீது உண்டு. ஆனால் கூட்டுத்தொகை பிடிக்கவில்லை என்பதற்காக, ஓடிக்கொண்டிருக்கிற வண்டிக்கு எண்ணை மாற்றித் தரும் நடைமுறை கிடையாது. ஆள் இருக்கிறார், உள்ளே பேசிவிட்டேன் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

புது எண் வரும்வரை தற்காலிகப் பரிகாரம் என்று ஒரு 6 ஸ்டிக்கரையும் கொடுத்து, நம்பர் பிளேட் ஓரத்தில் ஒட்டச் சொல்லியிருக்கிறார். நான்கு இலக்கமும் கூட்டினால் 26, அதோடு 6 சேர்ந்தால் 32, மூன்றையும் இரண்டையும் கூட்டினால் 5, புதன், வியாபாரத்துக்கு நல்லதாம். 2019 ஏப்ரல் 1 முதல் தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு ஹாலோகிராம் வைத்த உயர் பாதுகாப்புத் தகடுதான் வருகிறது. அதில் பெயரோ படமோ எண்ணோ எதையும் கூடுதலாக ஒட்டக் கூடாது. கிருஷ்ணகிரி டோல்கேட் தாண்டி வண்டியை நிறுத்திய போலீஸ்காரர் ஸ்டிக்கரைப் பிய்க்கச் சொல்லி அபராதமும் போட்டார். அந்தக் காசை மேலே சொன்ன கணக்கில் நான் சேர்க்கவில்லை.

அடுத்தது அரசிதழ். எனக்கு ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம் செய்து தரும் கடை இருக்கிறது. அண்ணன் பிளாஸ்டிக் கவரில் போட்ட ஒரு தாளைக் கொண்டுவந்து, "இதை வைச்சு ஆதார்ல பேரை மாத்திக் குடுடா" என்றார். தமிழ்நாடு அரசு முத்திரை, தலைப்பு, அண்ணனின் பழைய பெயர், புதுப் பெயர் எல்லாம் இருந்தன. வெளியீட்டு எண் இல்லை. தேதி இருந்தது. அரசிதழை வெளியிடுவது சென்னையில் இருக்கும் எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறை. இதழ்கள் அந்தத் துறையின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கின்றன. தாளில் இருந்த தேதியை ஒட்டி வந்த இதழ்களைத் திறந்து, பெயர் மாற்றப் பகுதியை வரி வரியாகத் தேடினேன். அண்ணன் பெயர் எங்கேயும் இல்லை. கம்ப்யூட்டரில் செய்து கலர் பிரின்ட் எடுத்த தாள் அது.

இதை எடுத்துக்கொண்டு நேராகத் தாலுகா ஆபீஸ் ஆதார் மையத்துக்குப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? போலி ஆவணம் கொடுத்தவர் என்று அண்ணன் பெயர்தான் பதிவாகியிருக்கும். நம்பர் பார்த்தவர் அடுத்த ஊரில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருப்பார். இன்னொன்று: ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். பள்ளிச் சான்றிதழில் ஒரு எழுத்து, ஆதாரில் ஒரு எழுத்து, வங்கியில் ஒரு எழுத்து என்று வைத்துக்கொண்டு அலைகிறவர்கள் என் கடைக்கு வராத வாரமே இல்லை. அண்ணன் மகள் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்கான பெயர்ப் பட்டியல் (நாமினல் ரோல்) போவதற்குள் அவள் பெயரிலும் ஒரு "ஹெச்" சேர்த்துவிட வேண்டும் என்று அந்த ஆள் அவசரப்படுத்தியிருக்கிறார். அதை மட்டும் நான் சத்தம் போட்டு நிறுத்தினேன்.

சரி, அந்தக் கணக்காவது ஒழுங்கா என்று பார்த்தேன். "நம் முன்னோர் ஓலைச்சுவடியில் எழுதியது" என்றுதான் அந்த ஆள் சொன்னார். சுவடியில் ஆங்கில எழுத்துக்கு எப்படி மதிப்புப் போட்டார்கள் என்று அண்ணனுக்குக் கேட்கத் தோன்றவில்லை. இங்கே பலரும் பயன்படுத்துகிற எழுத்து அட்டவணையைப் பிரபலமாக்கியவர் கீரோ என்ற பெயரில் கைரேகை பார்த்த அயர்லாந்துக்காரர், 1936இல் இறந்தவர். வெளிநாட்டில் பலர் பயன்படுத்துவது பித்தாகரஸ் பெயரில் ஓடும் வேறு அட்டவணை. இரண்டிலும் முருகன் என்ற பெயரைப் போட்டுப் பார்ப்போம். கீரோ முறையில் எம் 4, யூ 6, ஆர் 2, யூ 6, ஜி 3, ஏ 1, என் 5. மொத்தம் 27, ஆக 9, செவ்வாய். மற்ற முறையில் எம் 4, யூ 3, ஆர் 9, யூ 3, ஜி 7, ஏ 1, என் 5. மொத்தம் 32, ஆக 5, புதன். அதே முருகன்தான், கிரகம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறுகிறது. அந்த ஆங்கில எழுத்தும் பள்ளியில் சேர்த்த அன்று வாத்தியார் கைக்கு வந்தபடி எழுதியது.

பிறந்த தேதி இன்னும் மோசம். சான்றிதழில் அண்ணன் பிறந்தது மே 26. ஆகவே 8 எண்காரர், வண்டியும் 8, பிறவியிலேயே சனி பிடித்தவர் என்று அரை மணி நேரம் பலன் சொல்லியிருக்கிறார்கள். அம்மாவைக் கேட்டால், "ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போயிட்டு வந்தோம், மறுநாள் விடியக்காலைல அவன் பொறந்தான்" என்கிறார். ஆகஸ்ட் 3 அல்லது 4. ஜூனில் பள்ளி திறக்கும்போது ஐந்து வயது முடிந்திருக்க வேண்டும் என்று வாத்தியார் போட்ட தேதி அந்த மே 26. இந்த மாவட்டத்தில் ஐம்பது வயது தாண்டியவர்களில் எத்தனையோ பேருக்கு மே, ஜூனில்தான் பிறந்த நாள் வரும், கவனித்துப் பாருங்கள். வாத்தியார் போட்ட தேதிக்கு சனி எப்படிப் பிடிக்கும் என்று அண்ணியிடம் கேட்டேன். "உனக்கு எல்லாத்துலயும் விதண்டாவாதம்" என்றார்.

எட்டைக் கண்டு இந்த ஊர் பயப்படுவதுதான் எனக்கு வேடிக்கை. எட்டாவது திதி அஷ்டமி. தேய்பிறை அஷ்டமி என்றால் அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணி விளக்கு ஏற்ற கூட்டம் நெரிகிறது. அண்ணியும் அதில் ஒருவர். பெரியார் பிறந்ததும் 17, எம்.ஜி.ஆர். பிறந்ததும் 17, இரண்டுமே 8. சீனாக்காரர்களுக்கோ அதுதான் ராசி எண், பெய்ஜிங் ஒலிம்பிக்கை 2008 ஆகஸ்ட் 8ஆம் தேதி இரவு 8 மணிக்குத் தொடங்கினார்கள்.

நம்புகிறவர்கள் நம்பட்டும், அதில் நான் தலையிட மாட்டேன். அம்மா மொய் எழுதும்போது ஒரு ரூபாய் சேர்த்துத்தான் வைப்பார், நானும் அப்படித்தான். ஆனால் அரசு அலுவலக வேலையை முடித்துத் தருகிறேன் என்று நம்பர் பார்க்கிறவர் பணம் கேட்டால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள். பெயர் மாற்ற விண்ணப்பத்தை நீங்களே அச்சுத்துறைக்கு அனுப்பலாம், கட்டணம் சில நூறு ரூபாய்தான் ஆகும்.

அண்ணன் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். ஏமாற்றுதல் இப்போது, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 318ஆம் பிரிவில் வருகிறது. லாட்ஜில் கொடுத்திருந்த முகவரி பொய் என்று தெரிந்துவிட்டது, செல்போன் அணைந்து கிடக்கிறது. இப்போது கிருஷ்ணகிரியில் அதே மஞ்சள் நோட்டீஸ் வருவதாக ஒரு வாடிக்கையாளர் கொண்டுவந்து காட்டினார். பெயர் வேறு, போட்டோ அதே.

ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள் அந்த டோக்கன், நோட்டீஸ், ஜிபே ரசீது எதையும் தூக்கிப் போடாதீர்கள். ஆன்லைனில் அனுப்பியிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு உடனே போன் செய்யுங்கள், தாமதமாக ஆகப் பணத்தைப் பிடித்து நிறுத்துவது கஷ்டம். ஆதார் நகல் கொடுத்திருந்தால் பயோமெட்ரிக்கை (கைரேகை, கண் பதிவை) லாக் செய்துவிடுங்கள். அவர்கள் கொடுத்த அரசிதழ் தாள் எதுவானாலும், இணையதளத்தில் சரிபார்க்காமல் எந்த அலுவலகத்திலும் நீட்டாதீர்கள்.