தோள்பட்டை ஊசி ‘பேக்கேஜ்’: 27,000 ரூபாய் போச்சு, கை இன்னும் ஏறவில்லை

நேற்று சாயங்காலம் அத்தானின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட் வந்தது. வலது தோளில் கையைத் தூக்க உதவும் சுப்ராஸ்பைனேட்டஸ் தசையின் தசைநாண் (ஆஸ்பத்திரிப் பேச்சில் ‘ஜவ்வு’) முழுத் தடிமனுக்கும் கிழிந்திருக்கிறது. கிழிந்த முனை 2 செ.மீ. உள்ளே இழுபட்டுப் போயிருக்கிறது. இந்தத் தோளுக்குத்தான் நான்கே வாரத்தில் மூன்று ஸ்டீராய்டு ஊசி போட்டு 27,000 ரூபாய் வாங்கியிருக்கிறார்கள். ஸ்கேன் கிடக்கட்டும், ஒரு எக்ஸ்ரேகூட எடுக்கவில்லை.

இடத்தின் பேரைப் போடவில்லை, புகார் தனியாகப் போகிறது. வகையைச் சொல்கிறேன். திருநெல்வேலியில் ஒரு காம்ப்ளெக்ஸ் மாடியில் இரண்டு அறை. ‘ஆபரேஷன் இல்லாமல் மூட்டு வலிக்குத் தீர்வு’ என்று போர்டு. எலும்பு ஆஸ்பத்திரி கிடையாது, ‘வலி நிவாரண மையம்’.

அத்தானுக்கு 52 வயது, எட்டு வருஷமாகச் சர்க்கரை, ஈர ரோட்டில் மொபெட் சறுக்கித் தோள் அடிபட விழுந்தவர். விழுந்த அன்றிலிருந்து கை தானாக மேலே ஏறவில்லை. ஆனால் அக்கா பிடித்துத் தூக்கிவிட்டால் காதுவரை போனது. இந்த ஒரு வரியை யாராவது கேட்டிருந்தாலே விஷயம் பாதி தெரிந்திருக்கும். தோள் இறுக்கம் என்றால் (ஊரில் ‘ஃப்ரோசன் ஷோல்டர்’) தானாகத் தூக்கினாலும் வராது, பிறர் தூக்கினாலும் வராது. முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து முன்கையை வெளிப்பக்கம் திருப்புவதும் நின்றுவிடும். பிறர் தூக்கினால் போகிறது, தானாகத் தூக்கினால் விழுகிறது என்றால் அது பெரும்பாலும் கிழிசல். நாற்பது வயதைத் தாண்டியவர் விழுந்து, அன்றிலிருந்தே கை ஏறவில்லை என்றால், கிழிசல் இல்லை என்று ஸ்கேன் சொல்லும் வரை கிழிசல் என்றே வைத்துப் பார்க்க வேண்டும். அந்த மையத்தில் சட்டையைக்கூடக் கழற்றச் சொல்லவில்லை. ஊசி போடுபவர் தோளைக் கட்டைவிரலால் அழுத்தினார், “ஃப்ரோசன் ஷோல்டர்” என்றார், “மூணு சிட்டிங், ஒண்ணு ஒம்பதாயிரம்” என்றார். முடிந்தது பரிசோதனை.

அக்கா ஏன் நம்பினாள் என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். நம்பும்படியாகத்தான் இருந்தது. ஊசி போட்ட பத்தாவது நிமிஷம் அத்தான் கையைத் தலைக்கு மேல் தூக்கினார். பத்து நாளாகச் சட்டை போடவே அக்கா வேண்டியிருந்த மனுஷன். அங்கிருந்த பையன் உடனே செல்போனில் வீடியோ எடுத்தான், “அண்ணாச்சி, இன்னொரு வாட்டி தூக்குங்க” என்று. அக்கா அந்த இடத்திலேயே மூன்றுக்கும் சேர்த்துப் பணத்தைக் கட்டிவிட்டாள்.

அந்தப் பத்து நிமிஷ அதிசயம் ஸ்டீராய்டு செய்தது இல்லை. அதே சிரிஞ்சில் 4 அல்லது 5 மி.லி. லிக்னோகெயின் கலந்திருக்கும், பல் பிடுங்க மரத்துப்போக வைக்கும் அதே மருந்து. ஓரிரு மணி நேரம் வலி தெரியாது. வலிக்குப் பயந்து நின்ற கை அந்த நேரத்தில் கொஞ்சம் ஏறும், மிச்சமிருக்கும் தசைகள் தூக்கிக் கொடுக்கும். ஸ்டீராய்டு வேலை செய்யத் தொடங்க இரண்டு மூன்று நாள், சிலருக்கு ஒரு வாரம்கூட ஆகும். நடுவில் முதல் ஓரிரு நாள் வலி கூடவும் செய்யலாம். நேர்மையான டாக்டர் அந்த மரத்துப்போன நேரத்தைச் சோதனைக்குப் பயன்படுத்துவார்: வலி போன பிறகும் கையில் பலம் இல்லையென்றால் கிழிசலைச் சந்தேகிப்பார். இவர்கள் அதை விளம்பர வீடியோவுக்குப் பயன்படுத்தினார்கள்.

அடுத்தது மருந்து. சொன்னது “இம்போர்ட்டட் ஜெல், புது டெக்னாலஜி”. ஜெல் என்று போடும் ஹயலூரானிக் ஆசிட் கண்ணாடி மாதிரித் தெளிவாக, கொழகொழவென்று, நிரப்பிய சிரிஞ்சாகவே டப்பாவில் வரும். அக்கா பார்த்ததோ சின்னக் குப்பி, அதைக் குலுக்கினார்கள், உள்ளே பால் மாதிரி வெள்ளை. குலுக்குவது எதற்கென்றால், ஸ்டீராய்டுத் துகள் அடியில் படிந்துவிடும். மூன்றாவது தடவை தட்டில் கிடந்த காலிக் குப்பியை அக்கா படம் எடுத்துவிட்டாள், அவள் செய்த ஒரே நல்ல காரியம். ட்ரையம்சினலோன் அசிட்டோனைட், 40 மி.கி. 1950களிலிருந்து மூட்டில் போட்டுவரும் ஸ்டீராய்டு குடும்பத்து மருந்து. மருந்துக்கடையில் ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் மீதி தருவார்கள். அதற்கு ஒம்பதாயிரம்!

‘ஸ்கேன் கைடன்ஸ் 1,500’ (ஸ்கேனில் பார்த்தபடி ஊசியைச் செலுத்துவதற்கு) என்று ஒவ்வொரு தடவையும் பில்லில் ஒரு வரி. அல்ட்ராசவுண்ட் மெஷின் மூலையில் உறை போட்டு நின்றது. தோலில் ஜெல்லே தடவாமல் என்ன ஸ்கேன்? ஸ்கேன் பார்க்காமல், தோளின் பின்பக்கம் எலும்பு மூலைக்கு அடியில் கை வைத்துப் பார்த்துப் போடுவதும் சரியான முறைதான், அதில் தப்பில்லை. பார்க்காததற்குக் காசு வாங்குவதுதான் திருட்டு.

ஸ்டீராய்டு ஊசியே விஷம் என்று இதைப் படித்துவிட்டு யாரும் கிளம்ப வேண்டாம். ஃப்ரோசன் ஷோல்டரின் ஆரம்ப வலிக் கட்டத்தில் மூட்டுக்குள் ஒரு ஊசி, கூடவே பிசியோதெரபி, நன்றாக வேலை செய்யும். தோளின் பர்ஸா (தசைநாண் உரசாமல் காக்கும் சின்னத் திரவப் பை) வீங்கி ராத்திரி தூக்கம் இல்லாதவர்களுக்கும் உதவும். பலன் சில வாரம், மிஞ்சிப்போனால் மூன்று மாதம். அந்த இடைவெளியில் பயிற்சி செய்து தோளைத் தேற்ற வேண்டும், கணக்கு அவ்வளவுதான். அதே மருந்து தசைநாணுக்கு நல்லதில்லை, நாரைக் கட்டும் கொலாஜனைக் குறைக்கும். அதனால்தான் ஒரே மூட்டில் இரண்டு ஊசிக்கு நடுவே சுமார் மூன்று மாதம், வருஷத்துக்கு மூன்று நான்குக்கு மேல் வேண்டாம் என்பது வழக்கம். பதினாலு நாளுக்கு ஒன்று என்பது எந்தக் கணக்கு? புதிதாகக் கிழிந்த இடத்தில் வலியை மூடிவிட்டு, “கையை நல்லா யூஸ் பண்ணுங்க” என்று அனுப்பினால் கிழிசல் பெரிதாகும். தள்ளிப்போடப் போட முனை உள்ளே இழுபடும், தசையில் கொழுப்பு ஏறும், பிறகு தைத்தாலும் பிடிக்காது.

சர்க்கரை இருக்கிறதா என்று கேட்கவே இல்லை. அக்காவாகச் சொன்னபோது “இது லோக்கலா நிக்கும், ரத்தத்துல கலக்காது” என்று பதில். பொய். கலக்கும். முதல் ஊசிக்கு மறுநாள் சாப்பிட்ட பின் 386. சர்க்கரைக்காரர்களுக்கு ஊசிக்குப் பின் சில நாள், ஒரு வாரம் வரைகூட ஏறி நிற்கும். தினமும் குத்திப் பார்க்க வேண்டும், மாத்திரையோ இன்சுலினோ மாற்ற வேண்டி வரலாம்.

இனி அலைக்கழிப்பு. மூன்றாவது ஊசிக்கு நாலாம் நாள் வலி பழையபடி. போன் செய்தால், “டாக்டர் ஓ.பி.ல இருக்காரு, நாங்களே கூப்பிடுதோம்.” கூப்பிடவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நீலக் கோடு மட்டும். நேரில் போனால், “எக்சர்சைஸ் ஒழுங்கா பண்ணலயே அண்ணாச்சி” (என்ன எக்சர்சைஸ் என்று ஒரு தாளும் தந்ததில்லை). அப்புறம், “நாலாவது பாதி ரேட்டுக்குப் போட்டுத் தரோம்.” ரிப்போர்ட்டைக் காட்டியதும் குரல் மாறிவிட்டது: “அது பழைய கிழிசலா இருக்கும். பேக்கேஜுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம், பில்லுக்குப் பின்னாடி போட்டிருக்கு.” பின்னாடி ஒன்றும் இல்லை. 27,000 ரூபாய் வாங்கிய பில்லில் மருந்தின் பேர் இல்லை, பேட்ச் நம்பர் இல்லை, ஊசி போட்டவரின் பதிவு எண்ணும் இல்லை.

இப்போது எலும்பு டாக்டர் தைக்கத்தான் வேண்டும் என்கிறார், ஆனால் உடனே தைக்க முடியாதாம். ஊசி போட்ட ஒரு மாதத்துக்குள் அறுத்தால் கிருமி தொற்றும் ஆபத்து கூடுதல். கடைசி ஊசி போட்டு இரண்டு வாரம்தான் ஆகிறது. கிழிசலோ காத்திருக்காது. காசைக் கொடுத்து இந்த இக்கட்டையும் வாங்கியிருக்கிறோம்.

எச்சரிக்கையாகப் பத்து விஷயம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன், கோபத்தில் கை ஓடவில்லை. தோன்றியதைச் சொல்கிறேன். விழுந்து அடிபட்ட தோளுக்கு எக்ஸ்ரே, அல்ட்ராசவுண்டோ எம்.ஆர்.ஐ.யோ இல்லாமல் ஊசிக்குத் தோளைக் காட்டாதீங்க. முதல் நாளே பேக்கேஜுக்குப் பணம் கட்டாதீங்க. குப்பியை வாங்கிப் பேரைப் படிங்க, படம் எடுங்க. ஊசிக்குப் பின் காய்ச்சல், சிவப்பு, இரண்டு நாள் கடந்தும் ஏறிக்கொண்டே போகும் வலி என்றால் போட்டவருக்குப் போன் செய்துகொண்டு நிற்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு அன்றைக்கே ஓடுங்க.

ஏமாந்தாச்சு என்றால் சிகிச்சைப் பதிவை எழுதிக் கேளுங்க, 72 மணி நேரத்தில் தரவேண்டும் என்பது மருத்துவ கவுன்சில் விதி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம், சிகிச்சைக்குக் கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கும் கூப்பிடலாம். பில் வழவழப்பான தெர்மல் தாளாக இருந்தால் இன்றைக்கே ஜெராக்ஸ் எடுங்க, லேமினேட் பண்ணினால் சூட்டில் கறுத்துப்போகும். எங்கள் முதல் பில்லில் தேதி இப்பவே பாதி மங்கிவிட்டது.