ட்ரமடால் 50: மூன்று நாளைக்கு நல்ல மாத்திரை

எலும்பு முறிவு, மூட்டு ஆபரேஷன் என்று திருவனந்தபுரம் போய், கேரள எல்லையான களியக்காவிளை தாண்டி வீடு திரும்புகிறவர்களின் மருந்துக் கவரில் ட்ரமடால் என்ற வலி மாத்திரை அடிக்கடி இருக்கும். விழுங்கி ஒரு மணி நேரத்தில் பிடிக்கும், 4 முதல் 6 மணி நேரம் தாங்கும். ஆபரேஷன் வலிக்கு முதல் மூன்று நாள், டாக்டர் எழுதிய அளவில், தாராளமாக எடுக்கலாம். தலைச்சுற்றலும் குமட்டலும் சில நாளில் அடங்கும், மலச்சிக்கல் அடங்காது. குடல் அசைவே குறைவதால் இசப்கோல் மட்டும் போதாது, லாக்டுலோஸோ பிசாகோடிலோ சேர்த்து எழுதச் சொல்லுங்கள்.

சிக்கல், அட்டை தீர்ந்ததும் அடுத்த அட்டை வாங்கும்போதுதான். அமெரிக்க நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2017-ல் வெளியிட்ட ஆய்வில், ட்ரமடால் போன்ற ஓபியாய்டு (அபினி வகை வலி மருந்து) மாத்திரையை ஒரு நாளாவது எடுத்தவர்களில் சுமார் 6% பேர் ஓராண்டு கழித்தும் எடுத்துக்கொண்டிருந்தார்கள். முதல் தடவை எடுத்ததே 31 நாளோ அதற்கு மேலோ என்றால் அது சுமார் 30%.

பழக்கம் பிடித்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? அடுத்த வேளை மாத்திரை தள்ளிப்போனால் கொட்டாவி, கண்ணில் நீர், மூக்கொழுகல், மயிர்க்கூச்சு, காலை ஓரிடத்தில் வைக்க முடியாத குடைச்சல். "பழைய வலி திரும்பிவிட்டது" என்று இன்னொன்றைப் போட்டுக்கொள்வார்கள். முழங்கால் தேய்மானத்துக்கு மூக்கு ஒழுகாது.

எல்லையோரத்துக்கே உரிய கோளாறு ஒன்று உண்டு. அந்தப் பக்கத்து டாக்டர் ட்ரமடால் 37.5, பாராசிட்டமால் 325 கலந்த மாத்திரையை வேளைக்கு இரண்டாக மூன்று வேளை எழுதியிருப்பார்: 225 மில்லிகிராம். இந்தப் பக்கத்து டாக்டர் வேறு பிராண்டில் 50 மூன்று வேளை: இன்னொரு 150. இரவுக்கு எஸ்ஆர் (மருந்தை மெதுவாக விடும் வகை) 100 ஒன்றும் சேர்ந்தால் 475. ஒரு நாள் உச்ச வரம்பு 400, வயது 75 தாண்டியவர்களுக்கு 300. மிஞ்சினால் வலிப்பு வரலாம். மன அழுத்தத்துக்கு ஃப்ளூயோக்ஸெடின் மாதிரி எதையாவது எடுப்பவருக்கு வரம்புக்குள்ளேயே வரலாம். ஆகவே பிராண்ட் பெயருக்குக் கீழே உள்ள பொடி எழுத்தைப் படியுங்கள். பதற்றத்துக்குத் தரும் அல்ப்ரஸோலமோ சாராயமோ சேர்ந்தால் மூச்சே நிற்கலாம்.

ட்ரமடால், டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச்1 பட்டியலில் இருக்கும் மருந்து. 2018-லிருந்து போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் வந்துவிட்டது. சீட்டு கேட்டு, பெயரையும் எண்ணிக்கையையும் பதிவேட்டில் எழுதும் மெடிக்கலைத் திட்டாதீர்கள். கேட்காமல் கொடுக்கிற கடைக்குத்தான் திரும்பப் போகக்கூடாது.

மாதக்கணக்கில் எடுத்தவர்கள் சட்டென்று நிறுத்தக் கூடாது. இது மூளையில் மன அழுத்த மாத்திரை போலவும் வேலை செய்வதால், நிறுத்தும்போது வழக்கமான குடைச்சலோடு படபடப்பும், ஷாக் அடித்த மாதிரி உணர்வும் வரும். நாளைக்கு 200 எடுப்பவர் என்றால் வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ 50 குறைப்பது பொதுவான கணக்கு, அதுவும் டாக்டர் பார்வையில். எஸ்ஆர் மாத்திரையை உடைத்துக் குறைக்க வேண்டாம். உடைத்தால் மொத்த மருந்தும் ஒரேயடியாக இறங்கும். முடியாதவர்களுக்கு 14446 என்ற இலவச போதை மீட்பு உதவி எண் இருக்கிறது.

புற்றுநோய் வலிக்கு, பழக்கமாகிவிடும் என்ற இந்தப் பயம் பொருந்தாது. அங்கே மார்ஃபினுக்கே பயப்பட வேண்டியதில்லை. 1993-ல் கோழிக்கோட்டில் தொடங்கிய வலி நிவாரண இயக்கம் அதைக் காட்டிவிட்டது.

ரப்பர் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் நாள்பட்ட முதுகு, முழங்கால் வலிக்கு மட்டும்: ட்ரமடாலை வாங்காதீர்கள்.