லூஸ் என்று தட்டினால் ‘தளர்வான நாய்’ வருகிறது: ஓர் அகராதி ஆப் அனுபவம்

பையனின் ஆங்கிலப் பாடத்துக்காக ஆங்கிலம்-தமிழ் அகராதி ஆப் ஒன்றை 299 ரூபாய் சந்தா கட்டி இறக்கி மூன்று வாரம் ஆகிறது. பெயர் வேண்டாம். எந்த அகராதி கையில் கிடைத்தாலும் நான் முதலில் தேடுவது லூஸ் என்ற சொல்லைத்தான், அதில் தேறினால் மற்றதை நம்பலாம்.

‘தளர்வான’ என்று வந்தது. சரி, சட்டைக்கு ஒத்துவரும். ஆனால் அதோடு கடையைச் சாத்திவிட்டார்கள். பாடத்தில் நாய் கயிற்றை உருவிக்கொண்டு தெருவில் ஓடுகிறது, ‘தி டாக் இஸ் லூஸ்’ என்று ஒரு வரி. ஆப் கொடுத்தது: ‘நாய் தளர்வாக உள்ளது’. பையன் அதை அப்படியே நோட்டில் எழுதிவிட்டு, “அப்பா, நாய்க்கு உடம்பு சரியில்லையா?” என்கிறான். ‘லூஸ் சேஞ்ச்’ போட்டால் ‘தளர்வான மாற்றம்’. பஸ்ஸில் கண்டக்டரிடம் சில்லறைக்காக ஒரு நாளாவது திட்டு வாங்கியவன் இதை எழுதியிருக்க மாட்டான்.

இத்தனைக்கும் தமிழில் சொல்லுக்கா பஞ்சம்? பூக்கடையில் சரமாகக் கட்டாத மல்லிகை உதிரி, விழப்போகிற பல் ஆடுகிற பல், முடியாத கூந்தல் தலைவிரி கோலம், மண் என்றால் பொலபொல. மளிகைக் கடையில் பாக்கெட் வேண்டாம், லூஸிலேயே கால் கிலோ போடுங்க என்கிறோம். அப்புறம் ‘லூசு’. ஆங்கிலத்தில் ஆளைக் கிறுக்கன் என்று சொல்ல ஒரு ஸ்க்ரூவும் லூஸாக வேண்டும், நாம் ஸ்க்ரூவைக் கழற்றி எறிந்துவிட்டு லூசை மட்டும் வைத்துக்கொண்டோம் (மரை கழன்றவன் என்று தமிழிலேயே இருக்கிறது, அது வேறு). இதில் ஒன்றுகூட ஆப்பில் கிடையாது.

உச்சரிப்பைத் தமிழில் காட்டுகிறோம் என்று பெருமை வேறு. ஒரு ‘ஓ’ போட்டால் தொலைப்பது, தோற்பது. இரண்டு ‘ஓ’ போட்டால் நம்ம ஆள். இரண்டுக்கும் ‘லூஸ்’ என்றே எழுதியிருக்கிறார்கள். முதல் சொல்லின் கடைசியில் இசட் ஒலி வரும். ஸ்பீக்கர் பொத்தானை அமுக்கினால் அதை ஒழுங்காகவே சொல்கிறது, அந்தக் குரலுக்கு ஒரு நட்சத்திரம். சொல் பிறப்புப் பகுதிக்கு இன்னொன்று: வடக்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் பேசிய பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்த சொல்லாம், கேர்லெஸ், ஹோம்லெஸ் வாலில் இருக்கும் ‘லெஸ்’ இதன் பங்காளியாம். இது எனக்குப் புதுசு.

ஐந்துக்கு இரண்டு. சந்தாவைப் புதுப்பிக்கப் போவதில்லை. பையன் அந்த வரியை அடித்துவிட்டு ‘நாய் அவுத்துக்கிட்டு ஓடிருச்சு’ என்று எழுதிக்கொண்டு போனான். மிஸ் டிக் போட்டுவிட்டு, பேச்சுத்தமிழுக்கு அரை மார்க் குறைத்திருக்கிறார்.