டெனாரியஸா, செஸ்டர்ஷியஸா? ரோமப் பேரரசர் முகங்களுக்காக வாங்குகிறவர்களுக்கு

பழைய ரோம நாணயங்களான இந்த இரண்டையும் வாங்கிப் பார்த்துவிட்டு, இப்போது வெள்ளி டெனாரியஸ் பக்கம் வந்துவிட்டேன்.

அளவில் போட்டியே இல்லை. செஸ்டர்ஷியஸ் 33 மில்லிமீட்டர் அகலம், 25 கிராம் எடை கொண்ட பித்தளை வட்டு. ஹாட்ரியனின் தாடிச் சுருளை வெறும் கண்ணாலேயே எண்ணலாம். டெனாரியஸ் 18 மில்லிமீட்டர்தான், லென்ஸ் வேண்டும். ஆனால் அந்தக் கட்டைவிரல் நகமளவு இடத்தில் வெஸ்பாசியனைப் பாருங்கள். நெற்றிச் சுருக்கம், வளைந்த மூக்கு, முன்தள்ளிய தாடை என்று எதையும் செதுக்கியவர் மறைக்கவில்லை. அகஸ்டஸ் 75 வயதில் இறந்தார். நாணயத்தில் கடைசிவரை இளைஞர்தான். வெஸ்பாசியன் 59 வயதில் அரியணை ஏறியவர். நாணயத்திலும் கிழவராகவே இருக்கிறார்.

சரி, என் முடிவை மாற்றியது பராமரிப்பு. நான் இருப்பது சிங்கப்பூரில். வாங்கி ஒரு வருடத்தில், என் ஹாட்ரியன் செஸ்டர்ஷியஸில் காதுக்குப் பின்னால் கடுகளவு வெளிர்பச்சைப் பொட்டு வந்தது. ஊசியால் தொட்டால் மாவாக உதிர்ந்தது, அடியில் குழி. செம்பில் படியும் வழக்கமான பச்சைக் களிம்பு கெட்டியாக ஒட்டிக்கொண்டு நாணயத்தைக் காக்கும். இது அப்படியல்ல. மண்ணில் கிடந்தபோது ஏறிய குளோரைடு உப்பு, காற்றின் ஈரம் பட்டதும் விழித்துக்கொண்டு பித்தளையிலுள்ள செம்பைத் தின்கிறது. பொடியைச் சுரண்டி, வாலை வடிநீரில் வாரக்கணக்கில் ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு காற்றுப் புகாத டப்பாவில் வைத்தேன். டிசம்பர் மழையில் அதே இடத்தில் மறுபடி வந்தது.

டெனாரியஸ் கறுக்கும், அவ்வளவுதான். அந்தக் கறுப்பில் முகம் இன்னும் எடுப்பாகத் தெரியும், தேய்க்காதீர்கள். ஒரு எச்சரிக்கை: மண்ணில் கிடந்த பழைய வெள்ளி நொறுங்கும் தன்மை கொண்டது, கீழே விழுந்தால் உடையலாம். பேரரசர் செப்டிமியஸ் செவரஸ் காலத்தில் டெனாரியஸில் வெள்ளியின் பங்கு ஏறக்குறைய பாதியாகிவிட்டது, அதனால் நான் கி.பி. முதல் இரண்டு நூற்றாண்டு நாணயங்களோடு நிறுத்திக்கொள்கிறேன். விளிம்பில் செம்பு தெரிகிறதா என்றும் பாருங்கள்; வெள்ளி முலாம் பூசிய போலிகள் அந்தக் காலத்திலேயே உண்டு.

சில செஸ்டர்ஷியஸில் தேய்ந்த தலைமுடியைப் பிற்காலத்தில் உளியால் மீண்டும் கீறியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு என் கண் இன்னும் பழகவில்லை. என்னிடம் இருப்பதே இரண்டுதான். உலர்ந்த ஊரில் இருப்பவர்களுக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம்.

ஹாட்ரியனை விற்க மனம் வரவில்லை. சிலிக்கா ஜெல் மாற்றும் நாளில் எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன்.