வாயைத் திறப்பதா, கடையைத் திறப்பதா?

முத்தியால்பேட்டையில் எங்கள் எதிர்வீட்டு ஆயா சைகோனில் பிறந்தவர். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் நேம் (வியட்நாம் ரோல்) பொரித்தால் தெருவே மணக்கும். 1978இல் தெற்கு வியட்நாமில் தனியார் வணிகத்தை அரசு ஒழித்தபோது, கடையை அப்படியே போட்டுவிட்டுப் புதுச்சேரி வந்த குடும்பம். "மூடுனவனே எட்டு வருஷத்துல தொறந்துட்டான். அப்புறம் எதுக்கு எங்கள வெரட்டுனான்?" என்பார்.

1980களின் நடுவில் வியட்நாமின் ஹனோய்க்கும் சோவியத்தின் மாஸ்கோவுக்கும் ஒரே நோய்: ஒரு கட்சி ஆட்சி, காலி கஜானா, ரேஷன் வரிசை. வைத்தியம்தான் வேறு.

1985இல் பொறுப்பேற்ற சோவியத் தலைவர் கோர்பசேவ் பேச்சைத் திறந்துவிட்டார். 1989இல் போட்டித் தேர்தலும் வந்தது. அரசே நிர்ணயித்த விலையில் மட்டும் கைவைக்கப் பயம். 1962இல் இறைச்சி, வெண்ணெய் விலையை ஏற்றப்போய் நோவோசெர்காஸ்க் என்ற ரஷ்ய ஊரின் தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச்சூட்டில் முடிந்தது. ஏற்றினால் கலகம், ஏற்றாவிட்டால் காலி அலமாரி. போதாக்குறைக்கு மதுவை ஒடுக்கப்போய் வரி வருமானமும் போனது. (சாராயக் காசில் ஓடும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) 1986இல் எண்ணெய் விலையும் விழுந்தது.

ஹனோய் வாயைத் திறக்கவில்லை, கடையைத் திறந்தது. 1986 டிசம்பரில் தோய் மோய் என்ற பொருளாதாரச் சீர்திருத்த அறிவிப்பு. 1988இல் நிலம் குடும்பங்களின் கைக்கு வந்தது. மறு வருடமே பத்து லட்சம் டன்னுக்கு மேல் அரிசி ஏற்றுமதி.

இதை வைத்து ஹனோய் கெட்டி, கோர்பசேவ் ஏமாளி என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வியட்நாமியரில் பெரும்பாலோர் விவசாயிகள், அரசுச் சம்பளத்தில் இல்லாதவர்கள். வயலைக் கொடுத்தால் அடுத்த அறுவடையில் பலன் தெரியும். சோவியத்தில் ஊரே சம்பளக்காரர்கள். விலையை அவிழ்த்தால் முதல் அடி எல்லோர் வயிற்றிலும். தெற்கு வியட்நாம் சந்தையை மறந்து பத்து வருடம்தான் ஆகியிருந்தது. ரஷ்ய விவசாயிக்கு அது தாத்தா காலத்துக் கதை.

வடகொரியா மூன்றாவது வழி: வாயையும் திறக்கவில்லை, கடையையும் திறக்கவில்லை. 2009இல் பழைய 100 வொன்னுக்குப் புதிய 1 வொன் என்று அறிவித்து, மாற்றும் தொகைக்கும் வரம்பு வைத்தார்கள். சந்தைக்காரர்களின் சேமிப்பு கரைந்தது.

வாயை மூடிவைத்ததற்கான பில் இப்போதுதான் ஹனோய்க்கு வருகிறது. வங்கி மோசடி வழக்கில் தொழிலதிபர் ட்ருவாங் மி லானுக்கு 2024 ஏப்ரலில் மரண தண்டனை விதித்தார்கள். திருடன் யார் என்று எழுதச் சுதந்திரப் பத்திரிகை இல்லை. கட்சியேதான் பிடிக்க வேண்டும். பிடிக்கப் பிடிக்க, அதிகாரிகள் கோப்பைத் தொடவே அஞ்சுகிறார்கள், அரசுத் திட்டங்கள் தேங்குகின்றன. கையெழுத்துப் போட்டால் ஜெயில், போடாவிட்டாலும் மாதச் சம்பளம். எவன் போடுவான்?