நித்திரவிளை டைப்பிங் கடை: மீன்பிடி லைசென்ஸ் அப்பீலுக்குப் போகலாமா?

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். மாடிப்படி செங்குத்து, கரண்ட் போனால் வேலை நின்றுவிடும், ஜிபே கிடையாது. போட் நம்பரில் டிஎன் 15 எம்எம் வரை சரியாக அடித்துவிட்டு, பின்னால் வரும் எண்ணில் இரண்டு இலக்கத்தை இடம் மாற்றிவிட்டார்கள். பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் எவருடைய போட்டுக்கோ அப்பீல் போயிருக்கும். திருத்திய பிரிண்டுக்கும் இருபது ரூபாய் வாங்கியது அநியாயம்.

ஆனாலும் தூத்தூர், வள்ளவிளை, நீரோடி என்று நம் குமரி மேற்குக் கரை ஆட்கள் மறுப்புக் கடிதத்தோடு முழித்துக்கொண்டு நின்றால் இங்கேதான் போகச் சொல்வேன்.

எங்களுக்குக் கடிதம் வந்தது மீன்பிடித் தடைக்காலத்தில். நம் கரைக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள், ஆகஸ்ட் பிறந்ததும் கொச்சியிலிருந்து தூண்டிலுக்குப் போக ஐஸ், டீசல் வரைக்கும் கடன் பேசியாயிற்று. கடிதத்தில் எஞ்சின் விவரம் பொருந்தவில்லை என்று ஒரே வரி. கடைக்கார சார் ரிட்டயர்ட் கிளார்க், கடிதத்தைக் கையில் வாங்குமுன்பே, "கவர் எங்க மக்களே?" என்றார். நான் அதைக் கிழித்துப் போட்டிருந்தேன். உத்தரவு நம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் அப்பீலுக்கு 30 நாள், அதற்குத் தபால் முத்திரைதான் சாட்சியாம். அம்மா குப்பையில் தேடி எடுத்த இரண்டு துண்டையும் செல்லோடேப் போட்டு ஒட்டிக் கொண்டுபோனேன்.

நானே மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன், 2017 ஒக்கிப் புயலில் போனதெல்லாம் சேர்த்து. முழுசாகப் படித்தார். "எல்லாம் நெசந்தான், ஆனா அவங்க கேட்டது எஞ்சின் நம்பர்" என்று மடித்துத் திருப்பிக் கொடுத்தார். பழைய எஞ்சின் ஜாம் ஆனது, மாற்றியது, ஒர்க்‌ஷாப் பில் என ஒன்றரைப் பக்கத்தில் முடித்துவிட்டு, எஞ்சினில் வெட்டியிருக்கும் நம்பர்மேல் வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுத்துவரச் சொன்னார். அதற்காகவே போட் கிடந்த கொச்சிக்கு பஸ் ஏறினேன். கிரீஸை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, நாலு தாள் கிழிந்து, ஐந்தாவதில்தான் நம்பர் தெளிவாக விழுந்தது.

விசாரணையில் அதிகாரி அந்தத் தாளைத்தான் திருப்பித் திருப்பிப் பார்த்தார். லைசென்ஸ் ஆகஸ்ட் இரண்டாம் வாரம் வந்தது, அதற்குள் பத்து நாள் தொழில் போச்சு, அதற்கு சார் என்ன செய்வார்.

கூலி முன்னூறு. மதியம் ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், ஆள் உள்ளேதான், தட்டுங்கள்.