பாப்பருக்கு எந்தக் கட்டை: பால்சாவா, கார்க்கா, முருக்கா, ரப்பரா?

பாப்பர் என்பது நீர்மேல் மிதந்து, சத்தம் போட்டு மீனை இழுக்கும் தூண்டில் பொய்யிரை. அமெரிக்காவில் பாஸ் மீனுக்காகச் செய்யும் கட்டை பாப்பரைப் பிரித்துப் பார்த்தால் ஓர் உருளை, ஒரு முள், நாலு இறகு, அவ்வளவுதான். முகத்தில் சிறு குழி இருக்கும். தூண்டில் நரம்பான தங்கூசியைச் சுண்டினால் அந்தக் குழி தண்ணீரைத் தள்ளி 'பொளக்' என்று சத்தம் போடும். குமரி மாவட்டத்துக் குளங்களில் பாஸ் இல்லை. அந்தச் சத்தத்துக்கு இங்கே வரால் ஏறும். மணக்குடி, தேங்காப்பட்டணம் பொழிமுகங்களில் கொடுவாவும் பாரையும் ஏறும். (சுசீந்திரம் தேரூர், வேம்பனூர் குளங்கள் 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த பறவைக் குளங்கள். தூண்டிலோடு அந்தப் பக்கம் போக வேண்டாம்.)

எந்தக் கட்டை நல்லது என்ற பேச்சு வந்தால் எல்லோரும் எடையில்தான் தொடங்குவார்கள். கணக்கையும் பார்த்துவிடுவோம். 12 மி.மீ. விட்டம், 20 மி.மீ. நீளம் உள்ள உருளையின் கொள்ளளவு சுமார் 2.26 கன செ.மீ. நன்றாகக் காய்ந்த பால்சாவில் (மிக லேசான வெளிநாட்டு மரம்) அது 0.36 கிராம், கார்க்கில் 0.5, முள்முருக்கில் 0.7, ரப்பர் மரத்தில் 1.4. மரம் மரத்துக்குக் கொஞ்சம் மாறும். 2.26இல் இருந்து இதைக் கழித்தால் மிஞ்சுவதுதான் முள்ளையும் இறகையும் பசையையும் தாங்கும் மிதப்பு: பால்சாவுக்கு 1.9 கிராம், முருக்குக்கு 1.55, ரப்பருக்கு 0.85. பால்சாவுக்கும் முருக்குக்கும் நடுவே அரை கிராம்கூட இல்லை. அதற்காகவா இணையத்தில் வரவழைத்துக் காத்திருப்பது?

பால்சாவின் உண்மையான பலவீனம் முள் உட்காரும் இடத்தில் இருக்கிறது. எபாக்சிப் பசை பிடித்துக்கொள்ளும், ஆனால் பசை ஒட்டிய நார் அடியிலிருந்து பெயர்ந்துவிடும். பெரிய வரால் ஒன்று தலையை உதறினால் முள், மேலே மெல்லிய மரத்தோலோடு கழன்று வரும். முள்ளை வைக்க அறுக்கும் பள்ளமான காடியின் இரு சுவரிலும் தண்ணீர் போன்ற சூப்பர் க்ளூவை ஊறவிட்டு, காய்ந்தபின் எபாக்சி வைத்தால் பாதிப் பிரச்சினை தீரும். மறுபாதி பல். பல் பதிந்த இடத்தில் பெயின்ட் வெடிக்கும், நீர் இறங்கும், கட்டை உப்பும், மீதிப் பெயின்டும் உரியும்.

கார்க்கு இந்த விஷயத்தில் தங்கம். நீர் குடிக்காது, பசையை விடாது. ஆய்வகப் பொருள் விற்கும் கடையில் கிடைக்கும் சோதனைக்குழாய் மூடிகள் ஒருபக்கம் குறுகியே இருப்பதால், அகன்ற பக்கத்தை முகமாக வைத்தால் செதுக்கும் வேலை பாதி முடிந்துவிடும். துகளை அழுத்தி ஒட்டிய கார்க்கை மட்டும் வாங்காதீர்கள், காடி அறுக்கும்போதே உதிரும். இயற்கைக் கார்க்கில் உள்ள குழிகளை, தேய்த்த தூளையே மரப்பசையில் குழைத்து அடைக்கலாம். முகக்குழியைக் கத்தியால் தோண்டினால் ஓரம் பிய்யும். கோலிக்குண்டில் உப்புத்தாளை ஒட்டி, 2 மி.மீ. ஆழம் வரும்வரை உருட்டித் தேயுங்கள்.

முள்முருக்கு, அதாவது கல்யாண முருங்கை, வேலியிலும் நல்லமிளகுக் கொடியின் தாங்கலாகவும் நிற்பது. மணிக்கட்டுப் பருமனுள்ள கிளை போதும். பட்டையை உரித்து, நாலாகப் பிளந்து, நடுச்சோற்றைத் தள்ளிவிட்டு, நிழலில் காயவிட வேண்டும். எத்தனை நாள் என்று கேட்காதீர்கள், தராசைக் கேளுங்கள். வாரம் ஒருமுறை நிறுத்து, எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று பொருள். வெயிலில் போட்டால் வெடிக்கும். மழை நாளில் மூடிவைத்தால் கருத்துப் பூசணம் பிடிக்கும். மரம் பஞ்சுபோல இருப்பதால் முகக்குழியில் நார் நிற்கும். தின்னர் கலந்த மர சீலரை முதலில் பூசி, அது இறுகியபின் தேய்த்தால் வழவழப்பாகும். வெட்டுமுகம் பெயின்டை உறிஞ்சும் என்பதால் அங்கே சீலர் இரண்டு தடவை. இந்தப் பொறுமை இருந்தால் குளத்து வேலைக்கு முருக்குதான் முதல், கார்க்கு அதற்கு ஓர் அடி பின்னால். பால்சா மூன்றாவது.

ரப்பர் மரத்தை ஃப்ளை ராடுக்கு (கனத்த லைனை வீசி லேசான இரையை எறியும் தூண்டில் கோலுக்கு) எடுக்கவே கூடாது. அங்கே லைனின் எடைதான் பாப்பரைக் கொண்டுபோகிறது, கனத்த கட்டை அதை வழியிலேயே மடித்துவிடும். கடலோரத்தில் ஸ்பின்னிங் ராடால் எறிவது வேறு கதை, அங்கே கனம்தான் தூரம். 80 மி.மீ. நீளம், 22 மி.மீ. விட்டம் என்றால் கட்டை மட்டும் 19 கிராம் வரும், மிதப்பும் 11 கிராமுக்கு மேல் மிஞ்சும். முள்ளைப் பசையில் நம்பாமல், மூக்கிலிருந்து வால்வரை துளைபோட்டு 1 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பியை ஊடாக ஓட்டி, இரு முனையிலும் வளையம் முறுக்குங்கள். கட்டை உடைந்தாலும் மீன் போகாது. தோட்டத்தில் அறுத்த பச்சை ரப்பர் நீலம் பூத்துப் புழு அரிக்கும். போரிக் மருந்து ஏற்றிய மரத்தில் மேசை நாற்காலி செய்யும் பட்டறையில் கழிவுத் துண்டு கேளுங்கள்.

ஹவாய்ச் செருப்பு ரப்பரும் மிதக்கும், சத்தம் மந்தம். கட்டை பாப்பர் கணக்கில் அது சேராது.

கம்பி ஓட்டாத பாப்பரில் எந்தக் கட்டையானாலும் காடிதான் தலைவிதி. அடிவயிற்றில் ஹாக்சா பிளேடால் 3 மி.மீ. ஆழம் போதும். முள்வாயில் (முள்முனைக்கும் தண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியில்) பாதிக்கு மேல் கட்டைக்குக் கீழே திறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் மீன் அடிக்கும், மாட்டாது. தண்டில் வளைவு உள்ள முள் கிடைத்தால் நல்லது. நேர்த்தண்டு முள் காடிக்குள்ளேயே சுழலும், ஆகவே நூலை நெருக்கிச் சுற்றிப் பசை தடவியபின் வையுங்கள். பின்னால் தண்டில் மூன்றில் ஒரு பங்கை விட்டு, சேவல் கழுத்து இறகை அங்கே கட்டலாம். முள்கண் முகத்தின் கீழ்ப்பாதியில் வரட்டும். நடுவில் வந்தால் பாப்பர் மூக்கைக் குத்தி முங்கும்.

தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு மழையும் பெய்யும் மாவட்டம் இது. ஈரக்காற்றில் அடித்த லாக்கர் பால்போல் வெளுக்கும். 60 வாட் குண்டு பல்பு எரியும் அட்டைப்பெட்டிக்குள் வைத்துக் கட்டையைச் சூடாக்கி, பெட்டிக்கு வெளியே எடுத்துப் பூசுங்கள். மேல்பூச்சுக்கு ஐந்து நிமிட எபாக்சி வேண்டாம். குமிழி வெளியேறும் முன்பே இறுகும், வெயிலில் மஞ்சளாகும். 24 மணி நேரம் எடுப்பதைப் பூசி, வழியாமல் இருக்க முதல் சில மணி நேரம் மெதுவாகத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். முள்கண்ணில் முன்கூட்டியே மெழுகு தேய்த்தால் பிறகு குண்டூசியால் குத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

மேல்பூச்சுக்கு முன்பே ஒருமுறை வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். முகம் மேலே, வால் சரிந்து நின்றால் சரி. ஒருபக்கம் சாய்ந்தால் முள் கோணலாக இருக்கிறது. எபாக்சி முழுசாக இறுகும் முன் நிமிர்த்தினால் உண்டு, பிறகு காடியை வெட்டித் திறக்கத்தான் வேண்டும்.